கடலில் கைபேசிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

குளச்சலிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பும் படகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் கைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அழைப்பு போகாது, வாட்ஸ்அப் வராது. ஆனால் முன்பே இறக்கிவைத்த வரைபடத்தைத் திறந்தால், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அதன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ்ஸும் செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது புதிர்தான். இருக்கும் இடத்தைக் கைபேசி வானத்திலிருந்து தெரிந்துகொள்கிறது. வரப்போகும் காற்றையும் அலையையும் கரை சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. கைபேசியை நம்பிக் கடலுக்குப் போகிறவர் இந்த வேறுபாட்டைக் கரையில் இருக்கும்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. தாம் எங்கே இருக்கிறோம், இப்போது நேரம் என்ன என்பதை அவை ரேடியோ அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒளியின் வேகத்தில் வரும் அந்த அறிவிப்பு நம் கைக்கு வந்துசேர ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். சிக்கல் கைபேசியின் கடிகாரத்தில் இருக்கிறது. அது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். நான்காவது கோள் ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அந்தப் பிசகைக் கண்டுபிடித்துக் கழிக்கிறது கைபேசி.

இந்த வேலையில் கைபேசி காதுகொடுத்துக் கேட்கிறதே தவிர எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சிம் கார்டு இல்லாவிட்டாலும் இடம் காட்டும். கட்டடமும் மரமும் மறைக்காத கடலில் அது நகரத் தெருவைவிடத் துல்லியமாக, சில மீட்டர் பிழைக்குள் காட்டும். ஒரே ஒரு விஷயத்தில் கரையின் உதவி அதற்கு வசதி. எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இணையம் இருந்தால் கைபேசி நொடியில் பெற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் கோள்களிடமிருந்தே கேட்டு எழுத வேண்டும். அவை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் சொல்லும். முதல் இடக்குறிப்புக்கு அரை நிமிடமாவது ஆகும். எல்லாக் கோள்களையும் பற்றிய முழுப் பட்டியல் வந்து முடியப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதனால் துறையை விட்டுக் கிளம்புமுன்பே வரைபடச் செயலியைத் திறந்து, புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

புள்ளி சரியாக இருந்தும் வரைபடம் ஏமாற்றலாம். ஊர்வழி காட்டும் வரைபடங்களில் கடல் வெறும் நீலநிறம். ஆழம் எத்தனை பாகம், கடலடிப் பாறைத் திட்டான பார் எங்கே, பழைய கப்பல் மூழ்கிக் கிடப்பது எங்கே என்பதெல்லாம் கடல் வரைபடத்தில்தான் இருக்கும். அதையும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடல் வரைபடத்திலும் ஒரு கண்ணி உண்டு. 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் முழு வேகத்தில் ஏறி நொறுங்கியது. உலகின் தேர்ந்த மாலுமிகள் ஓட்டிய படகு அது. இடம்காட்டும் கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. மின்னணு வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அந்தத் திட்டு எவ்வளவு ஆபத்தானது என்பது திரையில் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நல்லவேளையாக ஒன்பது பேரும் உயிர்தப்பினார்கள். போகும் வழி முழுவதையும் விரல் அளவு விரல் அளவாகப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பாதை குறிக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிட உறைக்கும்படி சொல்ல முடியாது.

திசை விஷயத்திலும் கவனம் வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரி, பக்கத்தில் எஞ்சினோ இரும்போ இருந்தால் தடுமாறும். ஜிபிஎஸ் காட்டும் திசையோ படகு நகர்ந்து போகும் திசை. படகின் முன்பகுதியான அணியம் ஒரு பக்கம் பார்த்திருக்க, நீரோட்டமும் காற்றும் படகை வேறு பக்கம் தள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே நீரோட்டம் எவ்வளவு இழுக்கிறது என்று புரிந்துவிடும். பாக் நீரிணையில் இது உயிர்ப் பிரச்சினை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. வலை விட்டுக் காத்திருக்கும் படகு அசையாமல் நிற்பதாகத் தோன்றும்போதே எல்லையை நோக்கி நழுவலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகக் கொண்டுவந்த ஃபிஷர் ஃபிரண்ட் செயலி எல்லை நெருங்கினால் எச்சரிக்கிறது. தமிழிலும் கிடைக்கும் அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி வானிலை. விண்டி போன்ற செயலிகளில் வண்ணம் வண்ணமாக ஓடும் காற்று, யாரோ கடலில் நின்று அளந்தது அல்ல. ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்க வானிலை நிறுவனமும் பெருங்கணினிகளில் போடும் கணக்கின் விடை அது. ஐரோப்பியக் கணக்கு பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும், அமெரிக்கக் கணக்கு 13 கிலோமீட்டர் கட்டங்களாகவும் பிரித்துக்கொள்கிறது. அதைவிடச் சிறியது எதுவும் அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் குவிந்து பாயும் கச்சான் காற்றையும், மாலையில் திடீரென்று எழும் இடிமழையையும் அந்தக் கட்டங்கள் சராசரியாக்கி மழுப்பிவிடும். செயலி காட்டும் காற்றின் வேகமும் சராசரிதான். இடையிடையே வீசும் வீச்சு அதைவிட நன்றாகவே பலமாக இருக்கும்.

அலை உயரத்தைப் படிப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். '2 மீட்டர் அலை' என்று அறிவிப்பு சொன்னால் எல்லா அலையும் 2 மீட்டருக்குள் இருக்கும் என்று பொருளில்லை. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். பல மணி நேரம் கடலில் கிடந்தால், அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு உயரமுள்ள ஓர் அலையைச் சந்திக்க நேரிடலாம். ஃபைபர் படகுக்கு அந்த ஓர் அலை போதும். காற்றே இல்லாத நாளிலும் அலை வரும். தென்கோடிப் பெருங்கடலில் புயல் எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதற்கும் முன்னறிவிப்பு தருகிறது. வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாத இந்த ஆபத்தில் அந்த முன்னறிவிப்புக்கு ஈடே இல்லை.

இத்தனை அறிவிப்பும் கரையிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் துயரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிமுனை அருகே புயலாக வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. புறப்பட்ட நாளில் பார்த்த வானிலை அவற்றில் போன மீனவர்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. புயல் எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் எந்த டவரின் எல்லையிலும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. கைபேசி இருந்தும் அந்த ஒரு செய்தி அவர்களை எட்டவில்லை என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

அதன்பின் அந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகள் வேகம்பிடித்தன. 2019இல் ஜெமினி என்ற சிறு பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் கைபேசித் திரையில் தமிழிலேயே காட்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான, இருபுறமும் செய்தி பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. ஆழ்கடலுக்குப் போகும் எந்தப் படகும் அது இல்லாமல் துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது என் எண்ணம்.

இவை எதுவும் இல்லாத படகிலும், சில கைபேசிகளுக்குள் ஓர் எச்சரிக்கைக்காரன் சத்தமில்லாமல் இருக்கிறான். அது காற்றழுத்த உணரி. கரையின் உதவியின்றி வானிலையைப் பற்றிக் கைபேசி தானே அறியும் ஒரே செய்தி அதனுடையது. நம் வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு மணியளவில் தாழ்வு. இந்த ஊசலாட்டம் இரண்டு மூன்று மில்லிபார் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆகவே அழுத்தத்தை முந்தைய நாளின் அதே மணியோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பருவத்தின் அந்த மணிக்கு வழக்கமாக இருக்கும் அழுத்தத்தைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால் புயல் உருவாகிறதோ என்று சந்தேகிக்கலாம் என்பது மாலுமிகளின் பழைய விதி. 5 குறைந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. வலையை விட்டுவிட்டேனும் கரைக்கோ, புயல் வராத பக்கத்துக்கோ திரும்ப வேண்டும். காலை பத்து மணிக்கு ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது, உச்சிவெயிலில் சூடேறிக் கைபேசி அணைந்தும் போகும். அதனால் எழுதுவது தாளிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு காம்பஸும் இருக்கட்டும்.