காத்த மருந்தே கைவிடும்போது

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் கண்டால், அதை நீர்க்கடுப்பு என்று சொல்லி இளநீரோ மோரோ கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வெயிலால் வந்த கடுப்பு அத்துடன் அடங்கிவிடும். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்துகொண்டாலோ, அது கிருமியின் வேலையாக இருக்கலாம். அக்கிருமி பெரும்பாலும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. 1885-ல் தியோடர் எஷரிக் என்ற மருத்துவர் இதனை விவரித்தார். இது எங்கிருந்தோ வருவதன்று. நம் குடலிலேயே குடியிருப்பது. அங்கே இருக்கும்வரை பொதுவாகத் தொல்லையில்லை. சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால்தான் வம்பு.

எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அந்த வைரஸ் இரத்தத்திலுள்ள சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. நலமாக உள்ளவரிடம் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்கும் இவ்வணுக்கள், 200-க்கும் கீழே இறங்கினால் நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையால் கொடிய நிமோனியா வரக்கூடும். அதைத் தடுக்க நாள்தோறும் கொடுக்கப்படும் மாத்திரை கோ-டிரைமாக்சசோல். சிறுநீர்த் தொற்றுக்கு நெடுங்காலம் வழங்கப்பட்ட மருந்தும் இதுவேதான்!

இம்மாத்திரையில் இரண்டு மருந்துகள் உள்ளன. பாக்டீரியா தனக்கு வேண்டிய போலேட் என்னும் சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அத்தயாரிப்பின் ஒரு கட்டத்தைச் சல்பாமெத்தாக்சசோலும், அடுத்த கட்டத்தை டிரைமெத்தோப்ரிமும் தடுக்கின்றன. நாம் போலேட்டை உணவிலிருந்து பெறுவதால் நமக்கு அதிகத் தீங்கில்லை.

இனி, அம்மாத்திரையை மாதக் கணக்கில் உண்பவரின் குடலை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள கோடிக்கணக்கான ஈ.கோலைகளுள் ஒரு சிலவற்றிடம், மருந்தால் முடக்க முடியாத மாற்று நொதி ஒன்று இருக்கலாம். மற்றவை மடிய, அவை மட்டும் பெருகும். நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஈ.கோலை இரண்டாகப் பிளக்கும் என்றால், பெருக்கத்தின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, மாற்று நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அமர்ந்திருக்கிறது. ஒரு பாக்டீரியா இதை மற்றொன்றுக்குக் கைமாற்றிவிடும். ஆம்பிசிலின் போன்ற வேறு மருந்துகளை வெல்லும் மரபணுக்களும் அதே வளையத்தில் சேர்ந்து பயணம் செய்வதுண்டு. ஆகவே ஒரு மருந்தை உண்டவர், தாம் உண்ணாத மருந்துக்கும் பலனை இழக்க நேரலாம்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். ஜாம்பியா நாட்டில் எச்.ஐ.வி. தொற்றிய 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியாயிற்று. கோ-டிரைமாக்சசோல் பெற்றவர்களுள் 28 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 42 விழுக்காட்டினரும் இறந்தனர். இத்தனைக்கும் அங்குள்ள பாக்டீரியாக்கள் பல அம்மருந்துக்கு ஏற்கெனவே பழகிப்போனவை. உயிரைக் காக்கும் மருந்தை, நாளை வரக்கூடிய நீர்க்கடுப்பை எண்ணி நிறுத்துவது விவேகமாகாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளால் சி.டி.4 அணுக்கள் போதிய அளவு உயர்ந்த பின் பலருக்கு இதை நிறுத்தலாம். அம்முடிவு மருத்துவருடையது.

எனவே இவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால், ஊகத்தில் மருந்து கொடுப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பதே நன்று. மருந்து தொடங்குமுன் சிறுநீரைத் தூய பாத்திரத்தில் பிடித்துத் தர வேண்டும். ஆய்வகத்தில் அதிலுள்ள கிருமியை வளர்த்து, அகார் தட்டில் பரப்பி, பல மருந்துகள் தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், பலனளிக்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரியும். பலனற்ற வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருக்கும். கோ-டிரைமாக்சசோல் தோற்ற இடத்தில் நைட்ரோபியூரன்டாயின் போன்ற பழைய மருந்து பலிப்பதும் உண்டு. ஆனால் தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டால் அது உதவாது. அதன் திறமெல்லாம் சிறுநீர்ப்பையோடு சரி.

இன்னொன்று. எரிச்சலோ காய்ச்சலோ ஏதுமின்றி, சோதனையில் மட்டும் கிருமி தென்பட்டால், கருவுற்றவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்தே தேவையில்லை.