இருபத்தோரு வருடம் காத்திருந்த சைக்கிள் பயணம்!

அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு சைக்கிளிலேயே போய்விட வேண்டும் என்று அந்தச் சிறுமி முடிவெடுத்தபோது அவளுக்கு வயது 10. கிளம்பியபோது வயது 31. இடைப்பட்ட 21 வருடங்களில் பெரும்பகுதியை அவர் கழித்தது வீட்டுக்குள்தான். நடக்க முடியாத அம்மாவைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, இரவில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடி...

அவர் பெயர் டெர்வ்லா மர்ஃபி. 1963-ம் ஆண்டு, கியர் இல்லாத ஒரு சைக்கிளில் தன்னந்தனியாக ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்தவர். செல்போனும் கூகுள் மேப்பும் இல்லாத காலம். பல இடங்களில் சாலை என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜீப் தடம் மட்டுமே இருந்த காலம். மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் பலருக்கு இன்றைக்கும் அந்தப் பயணம்தான் முன்னோடி.

பிறந்தநாள் பரிசு

அயர்லாந்தின் தெற்கே, வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் லிஸ்மோர். 1931 நவம்பர் 28 அன்று அங்கே பிறந்தார் டெர்வ்லா. அப்பா நூலகர். பத்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு பரிசுகள் வந்தன. பெற்றோர் கொடுத்தது ஒரு பழைய சைக்கிள். தாத்தா கொடுத்தது ஒரு பழைய உலக வரைபடப் புத்தகம். குழந்தைக்கு இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லைபோல!

சில நாள்கள் கழித்து, ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். பெடலை அழுத்தும் தன் கால்களைப் பார்த்தார். இப்படியே மிதித்துக்கொண்டே இருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று தோன்றியது. முடிவு செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

பதினான்கு வயதில் நின்ற படிப்பு

டெர்வ்லா கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவைக் கடுமையான மூட்டுவாதம் தாக்கிவிட்டது. நாளாக ஆக அவரால் எழுந்து நடமாட முடியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையில், 14 வயதில் டெர்வ்லாவின் பள்ளிப்படிப்பு நின்றது. அன்றிலிருந்து சமையல், வீட்டு வேலை, அம்மாவைப் பார்த்துக்கொள்வது என எல்லாம் அவர் தலையில்.

ஆனால், மகளின் கால்கள் துறுதுறுப்பதை அம்மா கவனித்திருந்தார். ஊர் சுற்ற மகளைத் தூண்டியதே அவர்தான். இருபது வயதை ஒட்டி இங்கிலாந்து, வேல்ஸ், பிறகு ஐரோப்பா, ஸ்பெயின் என்று சில வாரப் பயணங்கள் வாய்த்தன. ஒவ்வொரு முறையும் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு மறுபடி சமையலறைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

வருடங்கள் போகப்போக நிலைமை இறுகியது. 1961-ல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் எழுதிய சுயசரிதையில் இந்தக் காலத்தைப் பற்றி டெர்வ்லா எதையும் பூசி மெழுகவில்லை. அம்மாவின் மீது இருந்த பாசத்தையும் எழுதினார். வருடக்கணக்கில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வரும் கோபத்தையும் களைப்பையும் எழுதினார். சாவு வீட்டில் அழுகையோடு சேர்ந்து ஒரு விடுதலை உணர்வும் வரும் என்பதை வெளியே சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

கியர் எதற்கு?

சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் ‘ரோஸ்’. டான் கிஹோட்டே கதையில் வரும் ரோசினாண்டே என்ற குதிரையின் பெயரைச் சுருக்கிக்கொண்டார். அது ஆர்ம்ஸ்ட்ராங் கேடட் வகை ஆண்கள் சைக்கிள். எடை ஏறக்குறைய 17 கிலோ.

மலை ஏறப் போகிறவர்கள் கூடுதல் கியர் கேட்பார்கள். இவரோ, இருந்த மூன்று கியரையும் கழற்றிவிட்டார்! காரணம் இருந்தது. கியர் மாற்றும் பாகம் நுணுக்கமானது. கல்லிலும் புழுதியிலும் அடிபட்டு வளைந்துவிட்டால், வழியில் சரிசெய்ய ஆள் கிடையாது. ஒரே செயின், ஒரே பல்சக்கரம் என்றால் எந்த ஊர்க் கொல்லனும் தட்டிக் கொடுத்துவிடுவார். மிதிக்க முடியாத ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம். தள்ளுவதில் அவருக்கு எந்த வெட்கமும் இல்லை.

டயர்களைத் தூக்கிச் சுமக்காமல், வழியில் இருக்கும் தூதரகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். துணிமணி குறைவு. கூடவே ஒரு கைத்துப்பாக்கி. அதைச் சுடவும் பழகிக்கொண்டார்.

1963 ஜனவரியில் கிளம்பினார். ஐரோப்பாவை உறைய வைத்த கொடுமையான குளிர்காலம் அது. பனி மூடிய சாலைகளில் மிதிக்க முடியாமல் சில இடங்களில் லாரி, ரயில் என்று ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது துப்பாக்கி உயிரைக் காப்பாற்றியது. துருக்கியில் ஓர் இரவு, தங்கியிருந்த அறைக்குள் நுழைந்த ஆளை விரட்டக் கூரையைப் பார்த்துச் சுட்டார். அவ்வளவுதான், ஆள் காலி!

பஸ்ஸில் உடைந்த விலா எலும்பு

ஆப்கானிஸ்தான்தான் அவர் மனதைப் பறித்த நாடு. அங்கேதான் பெரிய காயமும் பட்டது. சைக்கிளிலிருந்து விழுந்து அல்ல, பஸ்ஸில்! பயணிகளுக்குள் நடந்த கைகலப்பில், தவறுதலாக ஒரு துப்பாக்கியின் அடிக்கட்டை வந்து இடித்து விலா எலும்புகள் உடைந்தன. சைக்கிள் ஆபத்து என்று எச்சரித்தவர்கள் இதற்கு என்ன சொல்லியிருப்பார்களோ!

எலும்பு வலியோடு இந்துகுஷ் மலைகளுக்குள் போனார். கோர்பந்த் பள்ளத்தாக்கு வழியாக பாமியானை அடைந்தார். அங்கே செங்குத்தான பாறைச் சுவரில் செதுக்கப்பட்ட இரண்டு புத்தர் சிலைகள் அப்போது கம்பீரமாக நின்றிருந்தன. பெரியது 55 மீட்டர், சின்னது 38 மீட்டர் உயரம். 2001-ல் தாலிபான்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தனியாக வந்த பெண்ணுக்கு ரொட்டியும் தேநீரும் படுக்க இடமும் கொடுத்த ஆப்கன் கிராமத்தாரைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், அந்த நாடு எதையெல்லாம் இழந்திருக்கிறது என்பது புரியும்.

பசுவின் கழுத்தைப் பிடித்து...

பயணத்தின் கடினமான பகுதி பாகிஸ்தானின் வடக்கே வந்தது. கில்கித்திலிருந்து சிந்து நதியோரமாக சிலாஸ். அங்கிருந்து பாபுசர் கணவாய் ஏறி, மறுபக்கம் காகான் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். சீனாவுக்குப் போகும் காரகோரம் நெடுஞ்சாலை அப்போது இல்லை. கோடையில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும் இந்தக் கணவாய்தான் கில்கித்துக்கு ஜீப் போகிற வழி.

சிலாஸ் பக்கம் மரமே இல்லை. மொட்டைப் பாறைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்கும். அந்த உலையில் வெயில் தாக்கி டெர்வ்லா சுருண்டார். ஆனால், தலைக்கு மேலே 8,126 மீட்டர் உயர நங்க பர்வதம் பனி போர்த்தி நிற்கிறது. கீழே அனல், மேலே பனி. இரண்டுக்கும் இடையில் அவர் பாதை.

கணவாயின் உச்சி 4,173 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 60 சதவிகிதம்தான் அங்கே கிடைக்கும். நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் பனியில் நடந்தார். ஏற்றம் முடிந்தால் நிம்மதியா? இல்லை. பனி உருகி ஓடும் ஆறு குறுக்கே வந்தது. பாலம் இல்லை. அப்போது ஒரு பசுமாடு ஆற்றைக் கடக்க இறங்கியது. டெர்வ்லா யோசிக்கவில்லை. சைக்கிளை உடம்போடு சேர்த்துக்கொண்டு, மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாடு தன் வழியில் அக்கரை போனது. கூடவே அவரும் ரோஸும்!

தைரியசாலி என்றால் பிடிக்காது

ஜூலையில் டெல்லி. கிளம்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. மொத்தச் செலவு சுமார் 64 பவுண்டு. வந்ததும் ஊர் திரும்பவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். இந்தச் சைக்கிள் பயணம் ‘ஃபுல் டில்ட்’ என்ற பெயரில் 1965-ல் புத்தகமானது. அதன்பிறகு இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்.

தைரியசாலி என்று பாராட்டினால் மறுத்துவிடுவார். பயப்படுகிறவர்களுக்குத்தான் தைரியம் தேவை, எனக்குப் பயமே வராதபோது தைரியம் எங்கிருந்து வந்தது என்பது அவர் வாதம். கடைசி வரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. லிஸ்மோரை விட்டு வீடு மாற்றவும் இல்லை. 2022 மே மாதம், 90 வயதில் அதே ஊரில் மறைந்தார்.

இன்று பாபுசர் கணவாய்க்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. கோடையில் சுற்றுலாக் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஆப்கானிஸ்தான் வழியாக ஒரு பெண் தனியாக சைக்கிளில் வருவதோ கனவிலும் முடியாத காரியமாகிவிட்டது.

டெர்வ்லா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1968-ல் பிறந்த மகள் ரேச்சலைத் தனியாகவே வளர்த்தார். அம்மாவுக்காகத் தன் இளமையை வீட்டுக்குள் கழித்தவர், மகளுக்காக மறுபடியும் வீட்டுக்குள் உட்காரவில்லை. 1973-ல், ஐந்து வயதுகூட நிறையாத ரேச்சலைக் கூட்டிக்கொண்டு தென்னிந்தியாவுக்கு, நம் பக்கத்துக் குடகு மலைக்கு வந்து தங்கினார். மகளுக்கு ஒன்பது வயதானபோது இருவரும் ஒரு கோவேறு கழுதையோடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.