செயலிகளின் பேச்சைக் குறைப்பது எப்படி?

அன்னூரில் நாளை மழை பெய்யுமா? விடை மழைக்கு முன்பே கிடைத்தால்தான் உழவருக்குப் பயன். எனவே நிலப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கணக்கைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் செய்கின்றன. ஆனால் அன்னூர்க் கட்டத்தின் காற்றைக் கணக்கிட, பக்கத்திலுள்ள மேட்டுப்பாளையம், அவிநாசிக் கட்டங்களின் எண்களும் வேண்டுமல்லவா? அவற்றை அடுத்த செயலி அனுப்பும்வரை இது சும்மா நிற்கும். செயலிகளைக் கூட்டினால் மட்டும் போதாது. அவற்றின் பேச்சையும் குறைக்க வேண்டும்.

மாணவர்களே, ஒரு தாளில் 16 × 16, அதாவது 256 கட்டங்கள் வரையுங்கள். 16 செயலிகளுக்கு ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்தால், நடுவிலுள்ள செயலி மேலே 16, கீழே 16 என 32 எண்கள் அனுப்பும். 4 × 4 சதுரங்களாகப் பிரித்தால் நான்கு பக்கமும் சேர்த்து 16 எண்களே! வேலை அதே அளவு, பேச்சு பாதி.

புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1991-இல் உருவாக்கிய 'பரம் 8000' கணிப்பொறியில், டிரான்ஸ்பியூட்டர் என்னும் செயலி ஒவ்வொன்றுக்கும் நான்கு இணைப்புகள் இருந்தன. நான்கு அண்டைச் செயலிகளுடன் அது நேரே பேசலாம்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. எண்களைத் தனித்தனியே அனுப்பாமல் ஒரே கட்டாக அனுப்பலாம். அவை வந்து சேருமுன் சதுரத்தின் நடுக்கட்டங்களைக் கணக்கிட்டு முடிக்கலாம். அவற்றுக்கு ஏன் அண்டையின் எண் தேவையில்லை? உங்கள் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்!