தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலுக்கும் தீர்வையா?

விடுமுறை முடிந்து நாடு திரும்பும் பலரின் கையில் தீர்வையற்ற கடைப் பை ஒன்று இருக்கும். “தீர்வையற்ற கடையில் வாங்கியதுதானே, இதற்கு ஏன் தீர்வை?” என்ற கேள்வியும் கூடவே வரும்.

கடையின் பெயர் வேறு, சலுகை வேறு. வெளிநாட்டு விமான நிலையக் கடை அந்நாட்டு வரியைச் சேர்க்காமல் விற்கிறது, அவ்வளவுதான். போத்தல் சிங்கப்பூருக்குள் வரும்போது தீர்வை உண்டா என்பதை நம் நாட்டுச் சட்டமே முடிவு செய்கிறது.

யாருக்குச் சலுகை?

பயணி 18 வயதை எட்டியிருக்கவேண்டும். திரும்புவதற்கு முன் குறைந்தது 48 மணி நேரம் வெளிநாட்டில் இருந்திருக்கவேண்டும். மதுபானம் சொந்தப் பயன்பாட்டுக்காக இருக்கவேண்டும். மலேசியாவிலிருந்து வருவோருக்குச் சலுகை அறவே இல்லை. கோலாலம்பூரில் ஒரு வாரம் தங்கிவிட்டு உட்லண்ட்ஸ் வழியாக வந்தாலும் ஒரு டின் பியருக்குக்கூடத் தீர்வை செலுத்தவேண்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெற்றோர் கூடுதலாகக் கொண்டுவரவும் முடியாது.

எவ்வளவு கொண்டுவரலாம்?

2019 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் சலுகை அளவு 3 லிட்டரிலிருந்து 2 லிட்டராகக் குறைக்கப்பட்டது. விஸ்கி, பிராந்தி போன்ற கடும் மது அதில் 1 லிட்டரைத் தாண்டக்கூடாது. மீதி 1 லிட்டர் ஒயினாகவோ பியராகவோ இருக்கலாம். கடும் மது வேண்டாம் என்போர் 2 லிட்டர் ஒயின், அல்லது 2 லிட்டர் பியர், அல்லது இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் கொண்டுவரலாம். பலர் தவறுவது இங்கேதான். “2 லிட்டர்தானே” என்று இரண்டு விஸ்கி போத்தல்களை எடுத்து வருகிறார்கள். இரண்டாவது போத்தலுக்குத் தீர்வை உண்டு.

கணக்குப் பார்ப்போம்

விஸ்கிக்குத் தீர்வை, அதிலுள்ள தூய மதுசாரத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. 40 விழுக்காடு மதுசாரம் உள்ள 1 லிட்டர் போத்தலுக்கு 35 வெள்ளி 20 காசு ஆகிறது. போத்தலின் விலை 50 வெள்ளி என்றால், விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மொத்தம் ஏறக்குறைய 43 வெள்ளி.

அதை மறைத்துப் பிடிபட்டால்? ஏய்த்த தீர்வை, வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 43 வெள்ளியை மிச்சப்படுத்தப் பார்த்தவர் 850 வெள்ளிக்கு மேல் இழக்க நேரிடலாம்.

என்ன செய்யவேண்டும்?

அளவு கூடினாலோ, ஐயம் இருந்தாலோ, பச்சைத் தடத்தில் நடக்காதீர்கள். சிவப்புத் தடத்திற்குச் சென்று, அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே தெரிவியுங்கள். “இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்” என்று பிறர் நீட்டும் போத்தலை வாங்கவேண்டாம். உங்கள் பையில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு.

போகும் இடத்தின் விதியையும் மறக்கவேண்டாம். சென்னைக்கோ திருச்சிக்கோ செல்பவருக்கு இந்தியா அனுமதிப்பது 2 லிட்டர். மாலத்தீவுக்குச் செல்லும் சுற்றுப்பயணி ஒரு போத்தலும் கொண்டுபோக முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதற்கு முன், இறங்கும் ஊரின் விதியைத் தெரிந்துகொள்வதே நல்லது.