வென்றது யார்? – பெருவிலங்குப் படமும் காண்போர் தீர்ப்பும்

ஒரு நூலைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ இருவர் மாறுபட்டுக் கூறுமிடத்து, அவர்தம் சுவை வேறுபட்டது என்று முடிவுசெய்தல் எளிது. ஆயின், அவ்விருவரும் கண்டது ஒரே பொருளைத்தானா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது. இதனை விளக்குதற்குக் கற்றோர் பலர் பொருட்படுத்தாத ஒரு திரைப்படத்தின் வரலாறு துணைபுரிகின்றது. யப்பானிலே தோஹோ நிறுவனத்தார் 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட ‘கிங் கொங் எதிர் கொட்ஸில்லா’ என்பதே அப்படமாம்.

இப்படத்திற் பொருதும் இரு விலங்குகளும் வெவ்வேறு மரபின. கொங் என்னும் பெருங்குரங்கு 1933இல் அமெரிக்கப் படமொன்றிலே தோன்றியது. வில்லிஸ் ஓபிரையன் என்பார் சிறு பொம்மைகளை அணுவணுவாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து அதற்கு உயிரூட்டினார். நியூயோர்க் நகரத்து உயர்மாடத்தினின்றும் அது வீழ்ந்தபொழுது கண்டோர் இரங்கினர். கொட்ஸில்லாவோ 1954இற் பிறந்தது. அவ்வாண்டு மார்ச் 1ஆந் திகதி பிகினித் தீவிலே அமெரிக்கர் வெடித்த நீரகக் குண்டின் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மேற் படிந்தது. அவ்வச்சம் தணியாத காலத்தில், இயக்குநர் ஹொண்டா இஷிரோ அக்கொடுமையின் உருவமாகவே கொட்ஸில்லாவைப் படைத்தார். எனவே ஒன்று இரக்கத்துக்குரியது, மற்றையது அச்சத்துக்குரியது.

எட்டாண்டுகளின் பின் இவ்விரண்டையும் மோதவிட்டவரும் அதே ஹொண்டாவே. அவர் தெரிந்துகொண்ட சுவை நகையாகும். மருந்து நிறுவனமொன்றின் விளம்பரப் பகுதித் தலைவர், தம் நிறுவனம் பணமளித்து நடத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்ப்போர் தொகை குறைந்தமைகண்டு கவல்கின்றார். விளம்பரத்தின்பொருட்டுத் தீவொன்றினின்றும் கொங்கைக் கொணர்விக்கின்றார். நாடு அழிவை எதிர்நோக்கும் வேளையிலும் அவர் உள்ளம் விளம்பரத்தையே நாடுகின்றது. அக்காலத்து யப்பானில் விரைந்து பரவிய தொலைக்காட்சி வாணிகத்தை எள்ளுதலே கதையின் உயிர்நாடி.

யப்பானியர் இப்படத்தைப் பெரிதும் வரவேற்றனர். முதல் வெளியீட்டில் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். எனினும் கருத்து ஒருபடித்தாயிருக்கவில்லை. தந்திரக் காட்சிகளை அமைத்த சுபுராயா எய்ஜி, சிறுவரை மகிழ்விக்க வேண்டி, போரை மல்லரின் விளையாட்டுப் போல அமைத்தார். சிறுவர் களித்தனர். 1954ஆம் ஆண்டுப் படத்தின் துயரத்தை மறவாதார் இஃது இழிவென்றனர். கொங்கின் குரங்குடையோ பலரது நகைப்புக்கும் இலக்காயிற்று.

1963இல் அமெரிக்காவிலே காட்டப்பட்டது இப்படமன்று, இதன் மாற்றுருவமே. நகைச்சுவைக் காட்சிகள் பல வெட்டப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபையின் செய்தியாளராக அமெரிக்க நடிகரொருவர் இடையிடையே தோன்றி விளக்கங் கூறலானார். இபுகுபே அகிராவின் இசை பெரும்பாலும் நீக்கப்பட்டுப் பழம் படங்களின் இசை புகுத்தப்பட்டது. எள்ளல் அகன்றமையால், எஞ்சியது இரு விலங்குகளின் சண்டையே. ‘பொருளற்ற படம்’ என்று அமெரிக்கர் பலர் கூறியதில் வியப்பில்லை. பொருளிருந்த பகுதியை அவர் கண்டிலர்.

இனி, வென்றது யார் என்னும் வினா. யப்பானியப் படத்தில் கொட்ஸில்லாவும் அமெரிக்கப் படத்தில் கொங்கும் வெல்வதாக ஒரு கதை அமெரிக்கச் சஞ்சிகைகளில் அச்சேறி, பல்லாண்டு உண்மையென நம்பப்பட்டது. உண்மையில் இரு பதிப்பிலும் முடிவுக் காட்சி ஒன்றே. இரண்டும் கடலில் வீழ்கின்றன. கொங் மட்டும் மேலெழுந்து தன் தீவை நோக்கி நீந்துகின்றது. யப்பானியப் பதிப்பின் ஈற்றில் இரண்டின் முழக்கமும் கேட்கும். அமெரிக்கப் பதிப்பிற் கொங்கின் முழக்கம் மட்டுமே. வேற்றுமை அவ்வளவே. ஆயினும், ஒவ்வொரு நாட்டாரும் தம் விலங்கையே வெல்வித்திருப்பர் என்னும் எண்ணம் மனித இயல்புக்கு ஏற்றதாயிருந்தமையின், ஒப்புநோக்கி ஆராயாமலே பலர் அதனை ஏற்றனர்.

2021இல் அமெரிக்கர் இவ்விரண்டையும் மீண்டும் மோதவிட்டபொழுதும், படம் வெளிவருமுன்னரே காண்போர் இரு கட்சியாய்ப் பிரிந்து வழக்காடினர். அப்படத்தில் கொட்ஸில்லா கொங்கை வீழ்த்துகின்றது. ஈற்றில் இரண்டும் ஒன்றுசேர்ந்து இயந்திரக் கொட்ஸில்லாவை அழிக்கின்றன. காட்சிப் பெருக்கைப் புகழ்ந்தோரும், மாந்தர் கதை மெலிந்ததென்று குறைகூறினோரும் உளர். வழக்கு ஓயவில்லை.

கருத்து வேறுபடுதல் குற்றமன்று. காணாததைக் கண்டதாகவும், சிதைந்ததை முழுமையாகவும் கொண்டு தீர்ப்பளித்தலே குற்றம். பாடபேதம் நோக்காது ஒரு பழம்பாடலுக்கு உரைகூறுவோனை அறிஞர் ஏற்பதில்லை. விளையாட்டுப் படமொன்றுக்கும் அந்நெறியே பொருந்தும். முதலிற் பொருளை முழுதுங் காண்க. பின்னரே அதன் குணமுங் குற்றமும் கூறுக.