நீச்சல்குள வில்லா எடுக்கிறீர்களா? முதலில் வேலியைப் பாருங்கள்!

பிரான்ஸின் தெற்கே, நீஸ், கான் நகரங்களை ஒட்டிய மத்தியதரைக் கடலோரத்தில் நீச்சல்குளத்துடன் கூடிய பெரிய வில்லாக்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, வாரக் கணக்கில்தான் தருவார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும். வாடகை தவிர டெபாசிட், சுற்றுலா வரி, சுத்தம் செய்யும் கட்டணமும் இருக்கும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட முக்கியம், குளம். குழந்தைகள் மூழ்குவதைத் தடுக்க பிரான்ஸ் 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், பாதுகாப்பு மூடி, முழுக்கூரை ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம். ஆனால், குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகே ஒலிக்கும் அலாரம் இருந்தாலும் சட்டப்படி போதும். வேலியோ விழும் முன்பே தடுக்கும். எனவே வீட்டில் வாண்டுகள் இருந்தால், நான்கு பக்கமும் வேலி உள்ள வில்லாவையே கேட்டு வாங்குங்கள்.

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. பத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லோருமே இருந்துவிடுவது உண்டு. அதனால் முறைவைத்து ஒருவர், கையில் போன் இல்லாமல், குளத்தருகே உட்காரட்டும். அவசர உதவிக்கு 112.