கொட்டாவி விடும் வரை பறிக்காதே!

ஜமைக்காவில் அக்கீ மரத்தை யாரும் அவசரப்படுத்துவதில்லை. பேரிக்காய் அளவில் செக்கச்செவேலெனக் காய் தொங்கும். பார்த்தால் பழுத்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் நிறத்தை நம்பிப் பறித்தால் ஆபத்து. கிளையிலேயே தோல் தானாக வெடித்து, உள்ளிருக்கும் கன்னங்கரிய விதைகள் மூன்றும் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பழம் ‘கொட்டாவி விடுகிறது’ என்பார்கள் அங்கே. அதற்கு முன்னால் அது உணவல்ல, விஷம்.

இத்தனைக்கும் அந்தத் தீவின் தேசியப் பழமே இதுதான். உப்பிட்டு உலர்த்திய காட் மீனோடு சேர்த்துச் சமைத்தால் அது தேசிய உணவு. கரீபியன் பக்கம் போகிறவர்களுக்குக் கடற்கரை, ரம், ரெகே என்று பட்டியல் போடுகிறவர்கள் காலை உணவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வேதியியலில் ஆர்வமுள்ளவர் அங்கேதான் உட்கார வேண்டும்.

பழத்தில் உண்ணக்கூடியது விதையின் அடியில் ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் சதை மட்டுமே. முதலில் விதையைத் திருகி எறிகிறார்கள். சதையின் மடிப்புக்குள் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய சவ்வு ஒளிந்திருக்கும். கத்தி முனையால் கீறி அதையும் உரித்து எடுக்கிறார்கள். மிச்சத்தை உப்புப் போட்டு வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுகிறார்கள். இன்னொரு அடுப்பில் வெங்காயம், தக்காளி, தைம் இலை, ஸ்காட்ச் பானெட் மிளகாய் வதங்கும். முதல் நாள் இரவே ஊறவைத்து உப்பை இறக்கிய மீனை உதிர்த்து அதில் போட்டு, கடைசியாக அக்கீயைச் சேர்த்து லேசாகப் புரட்டுவார்கள். கரண்டியை அழுத்தினால் குழைந்துவிடும். தட்டில் வைத்தால் முட்டைப் பொடிமாஸ் என்றே நினைப்போம். பழம் என்ற பெயருக்கு இனிப்பு எதுவும் இல்லை. கொழுப்பு நிறைந்த, வெண்ணெய் போல் கரையும் மென்மைதான்.

இவ்வளவு பத்தியத்துக்கும் காரணம் ஹைப்போகிளைசின் ஏ என்ற அமினோ அமிலம். பழுக்காத சதையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரைகூட இது இருக்கும்; பழம் தானாக வெடிக்கும் நேரத்தில் மிகக் குறைந்துவிடும். விதையில் மட்டும் நஞ்சு அப்படியே தங்கிவிடுகிறது. தண்ணீரில் கரையும் பொருள் என்பதால் வெந்த நீரைக் கொட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் காயை எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் அது பாதுகாப்பான உணவாகிவிடாது.

‘ஜமைக்கா வாந்தி நோய்’ என்ற பெயர் மருத்துவ நூல்களில் ஏறியது இதனால்தான். இரவு வரை நன்றாக விளையாடிய குழந்தை காலையில் திடீரென வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், நினைவிழக்கும், சில மணி நேரத்தில் இறந்துபோகும். ஏதோ தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பழுக்காத அக்கீதான் காரணம் என்று மருத்துவர் ஹெச்.ஹெச். ஸ்காட் 1916இல் எழுதினார். நஞ்சைப் பிரித்தெடுக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1950களின் நடுவில், கிங்ஸ்டனின் மோனா பகுதியில் இருந்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியில், ஹசால், ரெயில் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சாதித்தார்கள்.

நஞ்சு வேலை செய்யும் விதம்தான் இந்தக் கதையில் நெஞ்சை உறுத்துவது. நாம் தூங்கும்போது கல்லீரல், சேமித்துவைத்த கிளைகோஜனை உடைத்து ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கையிருப்பு தீர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்; அந்த ஆற்றலைக் கொண்டு புதிய குளுக்கோஸையும் தயாரித்துக்கொள்ளும். ஹைப்போகிளைசின் உடலுக்குள் போய் உருமாறி, கொழுப்பை உடைக்கும் நொதிகளையே முடக்கிவிடுகிறது. இரவு வயிறாரச் சாப்பிட்ட குழந்தைக்குக் கையிருப்பு இருக்கிறது, தாக்குப்பிடிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. பட்டினியாகப் படுத்த குழந்தைக்கு முதல் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது, இரண்டாவதை நஞ்சு மூடுகிறது. ரத்தச் சர்க்கரை சரிந்து மூளை பட்டினி கிடக்கிறது. ஒரே பழத்தைச் சாப்பிட்ட குடும்பத்தில்கூட மெலிந்த பிள்ளைகளே அதிகம் பலியானதற்கு இதுவே விளக்கம். பாட்டிமாரின் சமையலறை அறிவை மெச்சுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். கொட்டாவிக்குக் காத்திருக்கலாம் என்பது, வீட்டில் வேறு உணவு இருப்பவருக்குத்தான் எளிது.

பீகாரின் முசாஃபர்பூருக்கு இது தெரிந்த கதை. அங்கே லிச்சிப் பருவத்தில் ஆண்டுதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014ஆம் ஆண்டு பருவத்தில் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். மூளைக்காய்ச்சல், பூச்சிமருந்து என்று பலவற்றைச் சந்தேகித்தார்கள். லிச்சியில் இருக்கும் ஹைப்போகிளைசினும் அதன் உறவுப் பொருளொன்றும், இரவு சாப்பிடாத வயிறும் சேர்ந்த விளைவு என்று 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு காட்டியது. லிச்சியும் அக்கீயும் ஒரே தாவரக் குடும்பம். நம் பூந்திக்கொட்டையும் முடக்கத்தானும்கூட அதே குடும்பம்தான். குழந்தைகளுக்கு இரவு உணவு கொடுத்துத் தூங்கவையுங்கள், நோய் கண்டதும் உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே ஆய்வாளர்கள் சொன்ன வழி.

தட்டில் இருக்கும் மற்றதற்கு வருவோம். காட் மீன் கரீபியன் கடலில் கிடையாது. வட அட்லாண்டிக்கில், நியூஃபவுண்ட்லாந்து பக்கம் பிடித்து உப்பிட்டதில் தரம் குறைந்ததைக் கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு உணவாக வாங்கினார்கள். அக்கீ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1770களில் அடிமைக் கப்பலில் வந்தது. அதன் தாவரவியல் பெயரான பிளைகியா, கேப்டன் வில்லியம் பிளையைக் குறிக்கிறது. பவுன்ட்டி கப்பலில் கலகத்துக்கு ஆளான அதே பிளை. ஈரப்பலாக் கன்றுகளை 1793இல் ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. கலகத்தைப் படமாக எடுத்தவர்கள், எல்லாம் ஈரப்பலாக் கன்றுக்காக நடந்தது என்பதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடும் திட்டம் அது. இன்று முழு ஈரப்பலாவை நெருப்பில் சுட்டு, தோல் சீவி, துண்டு போட்டுப் பொரித்து அக்கீயோடு பரிமாறுகிறார்கள்.

ஈரப்பலாவைவிட நான் பரிந்துரைப்பது பாமி. மரவள்ளிக்கிழங்கு அடை இது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த தைனோ மக்களின் உணவு. இதிலும் விஷம் உண்டு. கசப்பு மரவள்ளியில் லினமாரின் என்ற பொருளும், அதை உடைக்கும் நொதியும் திசுவுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கிழங்கைத் துருவும்போது இரண்டும் கலந்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. கேட்டால் குலை நடுங்கும். ஆனால் நன்றாகத் துருவத் துருவத்தான் சயனைடு முழுதாக வெளிப்படும். வெளிப்பட்டால்தான் அதை விரட்ட முடியும். துருவலைத் துணியில் கட்டிப் பாரம் வைத்துப் பிழிந்தால் பெரும்பகுதி சாறோடு போய்விடுகிறது. மிச்சம் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. சூடான இரும்புக் கல்லில் போட்டால் பறந்துவிடும். பிறகு அடையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, இரு பக்கமும் பொன்னிறமாகப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெத்தென்ற பாலூறிய மாவுமாக, அக்கீக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கினால் ‘ரைஸ் அண்ட் பீஸ்’ கிடைக்கும். பட்டாணி அல்ல, தேங்காய்ப்பாலில் அரிசியோடு வேகும் சிவப்பு ராஜ்மா. ராஜ்மாவிலும் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும், அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டும். அதே பானையில் ஒரு முழு ஸ்காட்ச் பானெட் மிதக்கும். ஸ்கோவில் அளவில் ஒரு லட்சத்தைத் தாண்டும் காரம் அதன் உள்ளே, விதைகளைத் தாங்கும் வெண்ணரம்பில்தான் குவிந்திருக்கிறது. தோல் கிழியாத வரை மணம் மட்டும் சோற்றில் இறங்கும். மூடியைத் திறந்து கிளறுகிறவர் மிளகாய் உடையாமல் கரண்டி போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஊருக்கு எடுத்து வர ஆசைப்படுகிறவர்களுக்கு டின் அக்கீ இருக்கிறது. அமெரிக்கா 1973இல் அக்கீ இறக்குமதியைத் தடுத்து, 2000இல்தான் மீண்டும் கதவைத் திறந்தது. அதுவும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஹைப்போகிளைசின் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன், தேர்வான ஆலைகளுக்கு மட்டும். டின்னில் வருவது வெந்த சதை. நீரை வடித்துவிட்டு வதக்கலில் கடைசியாகச் சேர்த்தால் போதும். காட் மீன் இங்கே கிடைக்காவிட்டால் முள் குறைந்த கருவாடு எதுவானாலும் சரி, உப்பை மட்டும் இரவே ஊறவைத்து இறக்கிவிடுங்கள்.